பிழை கேட்டவர்

பழுதான பொருளை அவர் உடனே கையில் எடுக்க மாட்டார். கொண்டு வந்தவரின் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்ப்பார். பிறகு மேசையில் கிடக்கும் பொருளைச் சுண்டுவிரலால் தம் பக்கமாக ஓர் அங்குலம் இழுத்துக்கொண்டு, "ஆற்றை பிழை?" என்று கேட்பார்.

யாருடைய பிழை என்ற அந்தக் கேள்விக்கு அவர் ஏற்றுக்கொண்ட விடை ஒன்றுதான். "என்ரை பிழை" என்று கொண்டு வந்தவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் போதாது. முணுமுணுத்தாலும் போதாது. சுற்றி அமர்ந்திருக்கும் எங்கள் காதில் விழும்படி சொன்ன பிறகே திருப்புளி அவர் கையில் ஏறும். அவர் கேட்ட கூலி சொற்பம். அந்தச் சொல்லுக்காகவே அவர் தொழில் நடத்தினார் என்று நான் பிற்காலத்தில் விளங்கிக்கொண்டேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றாலும், வாசித்துச் சொல்ல எங்காவது ஒருவர் இருப்பார். நாங்கள் அவரைச் 'சுவிஸ் அண்ணை' என்றோம். மின்சூடாக்கிகளுக்குக் கம்பி சுற்றும் ஒரு தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகள் உழைத்துவிட்டுச் சுவிற்சர்லாந்திலிருந்து இலண்டனுக்கு வந்தவர். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையின் பின்புறத்தில், அரிசி மூட்டைகளுக்கும் உறைந்த மீன் பெட்டிக்கும் இடையில், ஒரு மேசையை வாடகைக்கு எடுத்திருந்தார். மிக்ஸியும் கிரைண்டரும் கைத்தொலைபேசியும் திருத்துவதாக அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். மேசையின் ஓரத்தில், வளையும் கழுத்துடைய ஒரு பூதக்கண்ணாடி விளக்கு நின்றது. அந்த விளக்கின் கீழ் அவர் கைகள் அழகாக இருக்கும். நகம் எப்போதும் வெட்டியிருப்பார். அவசரம் என்பதே அந்த விரல்களுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டில் எங்களில் சிலர் மின்சிகரெட்டுக்கு மாறியிருந்தோம். எங்களுக்குள் அதற்குப் 'பேனை' என்று பெயர். உருவம் அப்படித்தான். உள்ளே ஒரு மின்கலமும், தலைமயிர் தடிப்பில் ஒரு கம்பிச் சுருளும், அதற்கூடாகச் செல்லும் ஒரு திரியும் இருக்கும். திரி திரவத்தை உறிஞ்சும். சுருள் சூடேறி அதை ஆவியாக்கும். சீனாவிலிருந்து தபாலில் வந்த பேனைகளின் சுருள் இரண்டு கிழமையில் எரிந்துபோகும். அடுத்தது வந்து சேர ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தில் மனிதன் பழையபடி சிகரெட்டுக்குப் போய்விடுவான்.

இதைத் தீர்த்து வைத்தவர் சுவிஸ் அண்ணைதான். பித்தளையில் விரல்நுனி அளவு ஒரு கிண்ணம் செய்து, அதில் நெல்மணியிலும் சிறிய இரண்டு திருகாணிகளைப் பொருத்தினார். எரிந்த சுருளைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டிக்கொள்ளலாம். கம்பியைப் பழைய ஹெயார் டிரையர்களிலிருந்து உருவி எடுப்பார். திரிக்குக் கண்ணாடி நூல். சுருளைப் பூட்டியதும் திரி போடாமல் ஒரு கணம் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார். நல்ல சுருள் நடுவில் சிவந்து இரு பக்கமும் சமமாகப் பரவும். ஓர் இடம் மட்டும் வெள்ளையாய் எரிந்தால் சுற்றுகள் அங்கே முட்டுகின்றன. ஒன்றுமே சிவக்காவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. கருகிய சுவை என்றால் திரி இறுகிவிட்டது. இவற்றையெல்லாம் பேனையைத் திறக்காமலே, அதை ஒரு முறை முகர்ந்தும் குலுக்கியும் சொல்லக்கூடியவர். வேலை முடிந்ததும், திருகாணித் தலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பார். யாராவது திறந்தால் பொட்டு உடையும். தம் வேலையில் பிறர் கைவைத்ததைக் காட்டிக்கொடுக்கும் காவல் அது.

நான் அந்நாளில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காலை வேலை செய்தேன். மதியம் இரண்டு மணிக்குப் பேருந்தில் இறங்கி நேரே அந்தக் கடைக்குப் போவேன். நாலைந்து பேர் அரிசி மூட்டைகளில் அமர்ந்திருப்போம். புகைப்பழக்கத்தை விடுவதற்காகச் சேர்ந்தவர்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம். ஒருவர் அகப்படுவதைப் பார்க்கத்தான் போனோம் என்பதை இப்போது எழுதுவதில் எனக்குத் தடையில்லை.

கணக்காளர் ஒருவர் அகப்பட்ட நாள் எனக்கு நல்ல நினைவு. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வருபவர். கோயில் நிர்வாகத்தில் பெயர் உள்ளவர். பேனையை மேசையில் வைத்துவிட்டு, புகை நெஞ்சைப் பிடிக்கிறது என்றார். சுவிஸ் அண்ணை அதை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மலர்ந்தது.

"திரியை மாத்தினனீங்களோ?"

"ஓம். பழசு கருகிப்போச்சு. வீட்டில பஞ்சுத்திரி இருந்தது. சுத்தமான பஞ்சு."

"சாமிக்கு விளக்குக் கொளுத்துறதோ?"

"பாவிக்காத திரி."

"எண்ணெயில ஊறப்போட்டு வைச்சிருந்த திரியோ எண்டு கேக்கிறன்."

கணக்காளர் எங்கள் பக்கம் பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தார். அவர் வீட்டில் வெள்ளிக்கிழமைத் திரிகளை முதல் நாளே நல்லெண்ணெயில் போட்டுவிடுவார்களாம். அதில் ஒன்றைப் பிழிந்து எடுத்திருக்கிறார்.

"அப்ப சரி," என்றார் சுவிஸ் அண்ணை. "மூலஸ்தானத்தைக் கொண்டுபோய் நெஞ்சுக்குள்ள கட்டியிருக்கிறியள். இருமேக்க மணி அடிக்குமே?"

நாங்கள் சிரித்தோம். நான் உரக்கச் சிரித்தேன்.

"தீபாராதனைக்கு எத்தினை மணிக்கு வாறது எண்டு சொன்னால் நாங்களும் வருவம். ஆற்றை பிழை?"

"என்ரை பிழை."

"திரியை ஊறப்போட்ட மனுசியின்ரை பிழை இல்லையோ?"

"இல்லை. என்ரை."

"கேக்கேல்லை."

"என்ரை பிழை எண்டு சொல்லுறன் எல்லே."

அதன் பிறகு அரை மணி நேரம் செலவழித்து அந்தக் கிண்ணத்தை முழுவதும் கழுவித் துடைத்தார். எண்ணெய் நெஞ்சுக்குள் போனால் அதை வெளியே எடுக்க எந்த ஆஸ்பத்திரியாலும் ஏலாது என்று, இப்போது எந்தக் கேலியும் இல்லாமல், ஒரு நல்ல வைத்தியரைப் போல விளக்கினார். அவர் அந்த மனிதனின் உயிரைக் காப்பாற்றியிருக்கவும் கூடும். கணக்காளர் பிறகு அந்தத் தெருவுக்கே வரவில்லை. அவர் மனைவி மரக்கறி வாங்குவதையும் வேறு கடைக்கு மாற்றிக்கொண்டார்.

தம் மகளிடமும் அவர் அதையே கேட்டார். அவள் தாயுடன் சுவிற்சர்லாந்தில் இருந்தாள்; பத்தொன்பது வயது; ஏதோ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மாதத்தில் ஒரு நாள், தொலைபேசி அட்டை ஒன்றைச் சுரண்டி, எங்கள் முன்னிலையில் அவளை அழைப்பார். கைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவார். இருவரும் ஜெர்மன் மொழியில் பேசுவார்கள்; எங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஒரு முறை அவள் பரீட்சையில் ஏதோ பாடத்தில் தவறிவிட்டாள் போலும். அவர் குரல் உயரவில்லை. பேச்சை நிறுத்திவிட்டுத் தமிழில், "ஆற்றை பிழை?" என்றார்.

மறுமுனையில் ஒரு ட்ராம் வண்டி போகும் ஓசை கேட்டது. அவள் ஜெர்மனில் எதையோ சொல்லத் தொடங்கினாள். அவர் காத்திருந்தார். அவள் நிறுத்தினாள். அவர் ஒரு கம்பியை எடுத்து ஊசியில் சுற்றத் தொடங்கினார். ஐந்து சுற்று, ஆறு சுற்று. அவள் அழுகிறாள் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

"என்ர பில," என்றாள்.

அவளிடமிருந்து நான் கேட்ட தமிழ் அது மட்டுமே. அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டு, "கெட்டிக்காரி. பிழையை ஒத்துக்கொள்ளுறவள்தான் முன்னேறுவள்," என்று எங்களிடம் சொன்னார். பெருமையோடு சொன்னார். அன்று எவரும் சிரிக்கவில்லை. ஆனால் எவரும் எழுந்து போகவும் இல்லை.

தவம் என்பவன் எங்கள் மூட்டைகளில் அமர்ந்தவன் அல்லன். ஒரு பேக்கரியில் விடியற்காலை வேலை செய்தான். நாற்பத்தைந்து வயது. இருபது கஜம் நடந்தால் வலது கெண்டைக்கால் இறுகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். காலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது. வைத்தியர் வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார்: சிகரெட்டை முற்றாக நிறுத்தி மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் வேறு குழாய் வைத்து அடைப்பைத் தாண்டலாம், நிறுத்தாவிட்டால் வைத்த குழாயும் அடைக்கும், காலை எடுக்கத்தான் வேண்டும். தவம் பதினான்கு வயதிலிருந்து புகைத்தவன். நிக்கொட்டின் ஒட்டும் பட்டையும் மெல்லும் கோந்தும் அவனிடம் தோற்றுப்போயின. கடைசியில் நான்தான் அவனைச் சுவிஸ் அண்ணையிடம் அழைத்து வந்தேன்.

அந்தப் பேனையுடன் அவன் ஒன்பது கிழமை சிகரெட்டைத் தொடாமல் இருந்தான். சாதாரணமான ஒன்பது கிழமை அல்ல. வன்னியில் எல்லாம் முடிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. அவனுடைய தமக்கை அங்கே அகப்பட்டிருந்தாள், தொடர்பு இல்லை. இலண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் போரை நிறுத்தக் கோரிச் சனம் திரண்டு நின்றது. அவனும் வேலை முடிந்து நேரே அங்கே போய், புல்லில் காலை நீட்டி அமர்ந்திருப்பான். அவனைச் சுற்றி எல்லோரும் சிகரெட் பிடித்தார்கள். விட்டவர்களும் தொடங்கினார்கள். நானே தொடங்கினேன். அவன் மட்டும் பேனையை இழுத்துக்கொண்டு இருந்தான். அவன் மனைவி என்னிடம், "அண்ணை, உங்களைக் கையெடுத்துக் கும்பிடோணும்," என்றாள்.

போர் முடிந்ததென்று அறிவித்ததற்கு அடுத்த கிழமை பேனை நின்றுவிட்டது.

அன்று மதியம் அவன் கடைக்குள் வந்தபோது முகம் சவரம் செய்யப்படாமல் இருந்தது. தமக்கையைப் பற்றி இன்னும் ஒரு செய்தியும் இல்லை. நின்றபடியே பேனையை மேசையில் வைத்தான்.

"காலமையில இருந்து புகை இல்லை, சுவிஸ் அண்ணை. சும்மா காத்துத்தான் வருது. கெதியாப் பாத்துத் தாங்கோ."

சுண்டுவிரல் நீண்டது. பேனை ஓர் அங்குலம் நகர்ந்தது. "ஆற்றை பிழை?"

"தெரியேல்லை."

"யோசிச்சுச் சொல்லு. விழுத்தினனியோ? கழட்டினனியோ?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. போன கிழமை நீங்கள்தான் புதுக் கம்பி போட்டுத் தந்தனீங்கள். உங்கடை பொட்டு அப்பிடியே கிடக்கு. பாருங்கோ."

விளக்கின் கீழ் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். சிவப்புப் பொட்டில் ஒரு கீறலும் இல்லை. அந்த மேசையில் அப்படி ஒரு விடையை யாரும் சொன்னதில்லை.

"அப்ப என்ரை பிழை எண்டு சொல்லுறாய்."

"அப்பிடிச் சொல்லேல்லை, அண்ணை. என்ரை பிழை இல்லை எண்டுதான் சொல்லுறன்."

"ஒரு சொல்லுத்தானே, தவம். சொல்லிப்போட்டு வாங்கிக்கொண்டு போ. ஐஞ்சு நிமிசத்து வேலை."

தவம் வலக்காலிலிருந்து பாரத்தை இடக்காலுக்கு மாற்றினான்.

"கொழும்பில என்னைப் பிடிச்ச நாலாம் நாள் ஒரு கடதாசியில கையெழுத்து வைச்சனான்," என்றான். "எனக்கு வாசிக்கத் தெரியாத பாசை. நான் செய்யாததை எல்லாம் செய்தன் எண்டு எழுதியிருந்ததாம். அதுக்கு ஐஞ்சு வருசம் சிறையில இருந்தனான். அதுக்குப் பிறகு செய்யாததைச் செய்தன் எண்டு என்ரை வாயால வராது, அண்ணை. வேறை என்னவும் கேளுங்கோ."

சுவிஸ் அண்ணை பூதக்கண்ணாடியின் கழுத்தைச் சற்றே வளைத்தார். "இது பொலிஸ் ஸ்டேசன் இல்லை, தம்பி," என்றார். "இஞ்ச சொன்னால் வெளியில போகலாம்."

மூட்டையில் இருந்த ஒருவர் சிரித்தார். ஒருவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பது அங்கே வழக்கம், நாங்களும் சிரித்தோம். தவம் திரும்பி நடந்தான். பேனையை எடுக்கவில்லை. கடை வாசலுக்கு வெளியே நின்று நின்று போனதைப் பார்த்தேன்.

என் சட்டைப்பையில் புதிதாகச் சுருள் பூட்டிய இன்னொரு பேனை இருந்தது. எழுந்து போய் அதை அவன் கையில் கொடுக்க ஒரு நிமிடம் போதும். கொடுத்திருந்தால் அடுத்த முறை மேசையில் என் பொருள் கிடக்கும்போது என்ன நடக்கும் என்று எண்ணினேன். எழவில்லை.

அவன் போன பிறகு சுவிஸ் அண்ணை பொட்டைச் சுரண்டித் திறந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். கம்பி திருகாணியின் அடியில் அறுந்திருந்தது. போன கிழமை பூட்டிவிட்டு எச்சக் கம்பியை வெட்டும்போது வெட்டியின் வாய் தவறிச் சுருளின் காலில் பட்டிருக்கிறது. பட்ட இடம் ஒரு கிழமை சூட்டில் தேய்ந்து இற்றுவிட்டது. எனக்கே தெரிந்தது என்றால் அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் திரும்பி என் கண்களைப் பார்த்தார். "ஈரம் பிடிச்சிருக்கு," என்றார். "ஓம்," என்றேன் நான்.

தவம் அன்று மாலையே சிகரெட் வாங்கினான். புரட்டாதி மாதத்தில் வலக்காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

செய்தியைச் சொன்னவனும் நான்தான். சுவிஸ் அண்ணை மேசை லாச்சியைத் திறந்து தவத்தின் பேனையை எடுத்தார். புதிய சுருளைச் சுற்றி, வழக்கத்தைவிட மெதுவாகப் பூட்டினார். அவருக்கு மனம் இளகிவிட்டது என்று நான் நம்பினேன். பொட்டு வைத்து, காயும்வரை ஊதி, என்னிடம் நீட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறனீங்கள்தானே, அண்ணை. இதைக் குடுங்கோ. குடுக்க முதல் கேளுங்கோ."

"என்னத்தை?"

"என்னத்தை எண்டு உங்களுக்குத் தெரியும்."

தவம் வார்டின் கடைசிக் கட்டிலில் யன்னல் பக்கமாகப் படுத்திருந்தான். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகக் கிடந்தது. மறுகாலிலும் இரத்த ஓட்டம் குறைவு. இனியாவது விட்டால்தான் அதைக் காப்பாற்றலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பேனையைக் கண்டதும் அவன் கண்கள் நிறைந்தன. "சுவிஸ் அண்ணை செய்து தந்தவரோ?" என்று இரண்டு முறை கேட்டான். நான் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க நா எழவில்லை என்பதை என் நற்குணமென்று கொள்ளவேண்டாம். பேனையை அவன் தலையணையின் கீழ் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மூட்டைகள் நிறைந்திருந்தன.

"கேட்டனீங்களோ?" என்றார் சுவிஸ் அண்ணை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மேசைக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

"கேட்டனான்."

"சொன்னவனோ?"

"சொன்னவன். தன்ரை பிழைதான் எண்டு சொன்னவன்."

"தலையை ஆட்டினவனோ, வாய் திறந்து சொன்னவனோ?"

"வாய் திறந்துதான்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அப்படி ஒரு நிம்மதியை நான் அவர் முகத்தில் முன்னும் பின்னும் கண்டதில்லை. "காலை எடுத்த பிறகு எண்டாலும் ஒத்துக்கொண்டான்," என்று அன்று வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னார். கடைக்காரரிடம் சொன்னார். அந்தக் கடையில் சொன்னது தவத்தின் வீடு இருந்த ஈஸ்ட் ஹாம் வரைக்கும் போக இரண்டு நாள் எடுக்காது.

பத்து நாள் கழித்துத் தவத்தின் மனைவி வந்தாள். வேலைச் சீருடையின் மேல் குளிர்ச்சட்டை போட்டிருந்தாள். பேனையை ஒரு கடதாசியில் சுற்றிக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"தன்ரை பிழை எண்டு இவர் சொன்னவர் எண்டு நீங்களே சொன்னனீங்கள், அண்ணை?"

"ஓம்," என்றேன்.

"அவர் அப்பிடிச் சொன்னவரே?"

சுவிஸ் அண்ணை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி மூட்டையில் இருந்தவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நித்திரைக் கலக்கத்தில சொல்லியிருப்பார். அவருக்கு ஞாபகம் இராது, தங்கச்சி," என்றேன்.

அவள் தலையை மெல்ல அசைத்தாள். அழுவாள் என்று எண்ணினேன், அழவில்லை. "இதை வீட்டில வைச்சிருக்க விருப்பமில்லையாம்," என்றாள். "சிகரெட் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டவர். வாங்கிக் குடுத்திட்டன். மற்றக் காலைப் பற்றிச் சொன்னன். அதையும் எடுக்கட்டாம்."

அவள் போய்விட்டாள். சுவிஸ் அண்ணை கடதாசியைப் பிரித்துப் பேனையை விளக்கின் கீழ் பிடித்தார். பொட்டைப் பார்த்தார். திறந்து, திரியை உருவி, ஒரு கணம் மின்சாரம் கொடுத்தார். சுருள் நடுவில் சிவந்து இரு பக்கமும் சமமாகப் பரவியது.

"பிழை ஒண்டும் இல்லை," என்றார்.

புதிய திரி போட்டு மூடினார். "உங்கடை பழசாப் போச்சு, அண்ணை. இதைப் பாவியுங்கோ. நல்ல கம்பி," என்று என் பக்கம் தள்ளினார்.

நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் உழைத்தது. ஒரு நாளும் கருகவில்லை.